டி.பி. அல்ல, ஐ.டி.பி.



இந்தப் பகுதியில் வழக்கமாக நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, டெங்கி, எலிக் காய்ச்சல் என்று தோட்டத்தில் அடிக்கடி காணும் நோய்களைப் பற்றித்தான் எழுதி வருகிறேன். இம்முறை அபூர்வமான ஒரு நோயைப் பற்றி எழுத வேண்டியதாகிவிட்டது. ஒரு லட்சம் பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 முதல் 4 பேருக்குத்தான் இது புதிதாக வரும். "அப்படியானால் எங்களுக்கு எதற்கு இது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீரிழிவுக்கு என்ன செய்வது என்று லயத்தில் கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அதில் நாலைந்தாவது சரியாக இருக்கும். இந்த மாதிரி நோய்க்கும் அதே பத்துப் பேர் சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் ஒன்றுகூடச் சரியாக இராது. ஏனென்றால் அவர்களில் ஒருவர்கூட இந்த நோயைக் கண்ணால் கண்டதில்லை.

நான் டிரசர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பழைய பழக்கத்தில் என்னைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு குடும்பம் வந்தது. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தங்கை. வயது 34. இரண்டு பிள்ளைகள். பெயர் வேண்டாம். முதலில் அவருடைய கைகளிலும் தொடையிலும் நீலம் பாய்ந்த தடங்கள் வந்தன. எங்கும் விழவில்லை, இடித்துக்கொண்டதாகவும் நினைவில்லை. பைப்படியில் பார்த்த பெண்கள், "புருஷங்காரன் கை வச்சிருக்கான்" என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த மனிதன் பாவம், வாய் பேசவே காசு கேட்கிற ஆள். பிறகு கணுக்காலுக்கு மேலே ஊசியால் குத்தினாற்போல் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். வேர்க்குரு என்று பவுடர் போட்டார். பல் துலக்கினால் இரத்தம் வந்தது. அந்த மாதம் தீட்டு பத்து நாளாகியும் நிற்கவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நாள் காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது மூக்கில் கொட்டிய இரத்தம் அரை மணி நேரமாகியும் நிற்காமல் போகவே, கணவர் மோட்டார் சைக்கிளில் வைத்து அரசாங்க கிளினிக்குக்குக் கொண்டு போனார். அங்கே இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் அப்படியே ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

சில நாள் வார்டில் இருந்துவிட்டு வந்தார். "என்னவாம்?" என்று கேட்டவர்களுக்கு, "ஐ.டி.பி.ன்னு சொன்னாங்க" என்றார். சாயங்காலத்துக்குள் அந்த 'ஐ' காணாமல் போய்விட்டது. "அவளுக்கு டி.பி.யாம்!" காச நோய் என்று லயம் முழுக்கப் பேச்சு. மாமியார் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வருவது நின்றது. ஓர் எழுத்து விழுந்ததால் வந்த வினை இது. ஐ.டி.பி.க்கும் காச நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இது ஒட்டுகிற நோயே அல்ல. இருமினால் வராது, எச்சிலால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. பரம்பரையாக வருவதும் அல்ல; யாருடைய கண்ணேறும் அல்ல.

ஆகையால் முதல் பாடம் நோயின் முழுப் பெயர்தான். டாக்டரிடம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்; எழுதித் தருவது அவர்களுக்கு அரை நிமிட வேலை. இந்த நோயின் முழுப் பெயர் இம்மியூன் துரோம்போசைட்டோபினியா. பழைய புத்தகங்களில் 'இடியோபதிக்' என்று, அதாவது காரணம் தெரியாதது என்று போட்டிருக்கும். காரணம் இன்னதென்று தெளிவாகிவிட்டதால், 2009-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி அதை 'இம்மியூன்' என்று மாற்றினார்கள். சுருக்கெழுத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். இன்னும் ஒன்று சொல்கிறேன். டி.டி.பி. என்று வேறொரு நோய் இருக்கிறது. அதிலும் தட்டணு குறையும். ஆனால் அது மணிக்கணக்கில் உயிருக்கு உலை வைக்கும் நோய்; இரத்தத்தின் நீர்ப்பகுதியையே எடுத்துவிட்டு மாற்ற வேண்டியது. ஓர் எழுத்து மாறினால் வைத்தியமே மாறிவிடும்.

சரி, உடம்புக்குள் என்னதான் நடக்கிறது? நம் இரத்தத்தில் தட்டணு என்று மிகச் சிறிய பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. பிளேட்லெட் என்று டெங்கி காலத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட அதேதான். குழாயில் கசிவு ஏற்பட்டால் ஓடிப் போய் அடைப்பது அதன் வேலை. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகி 7 முதல் 10 நாள் வரை வாழ்ந்து மறையும். ஒரு சொட்டுக்கும் மிகக் குறைவான அளவில், அதாவது ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. கிருமியைத் தாக்குவதற்காக உடம்பு எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறதல்லவா, அது ஆள் தெரியாமல் சொந்தத் தட்டணுவின்மீதே போய் ஒட்டிக்கொள்வதுதான் இந்த நோய். அப்படி முத்திரை குத்தப்பட்ட தட்டணுவை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். ஆட்டுக்கறிக் கடையில் சுவரொட்டி என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான் மண்ணீரல். மஜ்ஜையில் புதிதாக உற்பத்தியாவதும் தடைப்படுகிறது. வரவு குறைவு, செலவு அதிகம். நம் சம்பளக் கணக்கு மாதிரிதான்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது ஒரு கதை. 1950-ல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், இந்த நோயுள்ள ஒருவரின் இரத்தத்தில் 500 மில்லி எடுத்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். நோயாளியின் இரத்தத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணு 10,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. உடம்பில் இரத்தப் புள்ளிகள் தோன்றின, வலிப்புக்கூட வந்தது. சில நாட்களில் பிழைத்து எழுந்தார். 1951-ல் அந்த முடிவை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார். இப்படிச் செய்வதை இன்று யாரும் அனுமதிக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். 'எனக்குத் தோன்றுகிறது' என்று சொல்லிவிட்டு அவர் நிற்கவில்லை. சோதித்தார், எண்ணினார், எழுதி வைத்தார், மற்றவர்கள் அதைச் சரிபார்த்தார்கள். நம்பத்தக்க செய்தி என்றால் இவ்வளவும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும்.

இரண்டாவது பாடம் உங்கள் எண். இரத்தப் பரிசோதனைத் தாளில் பி.எல்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். 9 என்றோ 45 என்றோ போட்டிருந்தால் ஆயிரத்தைச் சேர்த்துப் படியுங்கள்: 9,000, 45,000. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை வாங்கி, தேதி, எண், அன்று சாப்பிட்ட மாத்திரையின் பெயர், அளவு இவற்றை எழுதி வாருங்கள். அந்தத் தங்கையின் முதல் எண் 9,000. ஒரே எண்ணை வைத்துப் பயப்படவும் கூடாது, ஆனந்தப்படவும் கூடாது. சில பேருடைய இரத்தம் பரிசோதனைக் குழாயில் உள்ள மருந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்து, இயந்திரம் தட்டணுவைக் குறைத்து எண்ணிவிடுவதுண்டு. அதனால்தான் கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள்.

இது ஐ.டி.பி.தான் என்று காட்டுவதற்குத் தனியாக ஒரு பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்து கடைசியில் முடிவு செய்கிறார்கள். டெங்கியா, ஈரல் நோயா, ஹெப்பட்டைட்டிஸ் சி-யா, எச்.ஐ.வி.யா, லூப்பஸ் என்ற நோயா, சாப்பிட்ட மருந்தா என்று பார்ப்பார்கள். "எதுக்கு இத்தனை தடவை ரத்தம் எடுக்கிறாங்க? இவங்களுக்கே ஒண்ணும் தெரியலை போல" என்று அந்தத் தங்கையின் அண்ணன் என்னிடம் கோபப்பட்டார். அவர்களுக்குத் தெரிந்ததால்தான் எடுக்கிறார்கள். டாக்டர் கேட்கும்போது எதையும் மறைக்காதீர்கள்: கடையில் வாங்கிய வலி மாத்திரை, சின்சே கொடுத்தது, நாட்டு மருந்து, எல்லாவற்றையும் சொல்லுங்கள். முடிந்தால் பையில் போட்டு எடுத்துப் போய் மேசைமேல் கொட்டுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அவருக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்ட் மாத்திரை கொடுத்திருந்தார்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது இதுதான். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குத் தட்டணு இதனால் ஏறும். இவருக்கும் ஏறியது. ஆனால் முகம் வீங்கியது, இரவில் தூக்கம் போனது, பசி அடங்கவில்லை, பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தார். இவையெல்லாம் அந்த மாத்திரையின் பக்க விளைவுகள் என்று வார்டில் சொல்லித்தான் இருப்பார்கள். மலாயில் வேகமாகச் சொன்னது பாதி புரிந்திருக்கும், பாதி புரிந்திருக்காது. அந்தச் சமயம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. "ஸ்டீராய்ட் விஷம், கிட்னி போய்விடும், இந்த மூலிகை மாஜூன் 30 நாளில் பிளேட்லெட் ஏற்றும்." டப்பா 80 வெள்ளி. பன்னிரண்டாவது நாள் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு மாஜூனும் பப்பாளி இலைச் சாறுமாக ஆரம்பித்தார். கொஞ்ச நாள் தெம்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் வாய்க்குள் கறுத்த திராட்சை போல இரத்தக் கொப்புளங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எண் 4,000.

பப்பாளி இலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்; இதைக் கேட்காத ஆள் இல்லை. அது முழுக்கப் புரளியும் அல்ல. நம் நாட்டிலேயே டெங்கி நோயாளிகள் 228 பேரை வைத்து ஆய்வு செய்து 2013-ல் வெளியிட்டார்கள். சாறு குடித்தவர்களுக்குத் தட்டணு சற்று வேகமாக ஏறியதாக அதில் கண்டார்கள். ஆனால் என்ன நோய்க்கு? டெங்கிக்கு. டெங்கியில் தட்டணு சில நாள் இறங்கி, காய்ச்சல் விட்ட பிறகு தானாகவே ஏறும். ஐ.டி.பி.யில் உடம்பே அழித்துக்கொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு அது தானாக நிற்பது குறைவு. ஆகவே ஒன்றுக்குச் செய்த ஆய்வை மற்றதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. யார் எதைச் சொன்னாலும் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: "இதை என் நோய் உள்ளவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்களா? எத்தனை பேருக்கு? கொடுக்காதவங்களோட ஒப்பிட்டாங்களா?" ஒருவர் குணமானார் என்பது பதில் ஆகாது. அதுவும் குழந்தை குணமானது என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். சளி, காய்ச்சலுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வரும் ஐ.டி.பி. பெரும்பாலும் சில மாதங்களில், பல நேரம் மருந்தே இல்லாமல், தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் கொடுத்ததற்குத்தான் பெயர் கிடைக்கும்.

மாஜூன் விஷயம் இதைவிட மோசம். 'ஸ்டீராய்ட் விஷம்' என்று சொல்லி விற்கிற சாமானுக்குள்ளேயே டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் இப்படிக் கலப்படம் செய்து பிடிபட்டவற்றைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. சாப்பிட்டதும் தெம்பு வருவதும், மூட்டு வலி பறந்து போவதும் பல நேரம் அதனால்தான். எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாது, எப்போது நிற்கும் என்றும் தெரியாது. இந்தத் தங்கை சாப்பிட்ட டப்பாவில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. அதில் பதிவு எண் இல்லை என்பதை மட்டும் என் கண்ணாலேயே பார்த்தேன். பதிவான மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற ஆங்கில எழுத்துகள், 8 எண்கள், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். கடைசி எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. அமைச்சின் பளபளக்கும் முத்திரையும் ஒட்டியிருக்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பட்டியலில் கைப்பேசியிலேயே தேடிப் பார்க்கலாம். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: பதிவு எண் இருந்தால் அது சோதித்துப் பதிவான சாமான் என்றுதான் பொருள், உங்கள் நோயைத் தீர்க்கும் என்று பொருள் அல்ல.

ஸ்டீராய்டுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். அந்தத் தங்கை பயந்ததில் நியாயம் இருக்கிறது. நீரிழிவு ஏறும், இரத்தக் கொதிப்பு ஏறும், வயிறு புண்ணாகும், நெடுநாள் தின்றால் எலும்பு தேயும். அமெரிக்க இரத்தவியல் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியும், பெரியவர்களுக்கு முதல் வைத்தியமாக இதைக் கொடுத்தால் 6 வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இரத்தக் கசிவு இல்லாமல், தட்டணு 30,000-க்கு மேல் இருந்தால், மருந்தே கொடுக்காமல் கவனித்து வரலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆனால் டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது வேறு, நாமாகத் தூக்கி எறிவது வேறு. சில வாரம் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் மயக்கம், வாந்தி, இரத்த அழுத்தம் விழுவது வரை போகும். பக்க விளைவு தாங்க முடியவில்லையா? மாத்திரையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், "இது எனக்கு ஒத்துக்கலை, வேற என்ன இருக்கு?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தோட்டத்துக்காரர்கள் சேர்த்துக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. வெறுங்காலில் மண்ணை மிதிப்பவர்களின் தோல் வழியாக உடம்புக்குள் ஏறும் ஒருவகைப் புழு இருக்கிறது. ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்று பெயர். ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் குடலில் கிடக்கும். ஸ்டீராய்ட் சாப்பிட்டால் அது பெருகி நுரையீரல் வரை பரவி உயிரைக் குடித்துவிடும். பட்டணத்து டாக்டருக்கு நீங்கள் தோட்டத்தில் வேலை செய்வது தெரியாமல் இருக்கலாம். நீங்களே சொல்லுங்கள்.

வேறு என்னென்ன வைத்தியம் இருக்கிறது? அவசரத்துக்கு இம்யூனோகுளோபுலின் என்று நரம்பில் ஏற்றுவார்கள். இரத்ததானம் செய்தவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது; சில நாட்களில் எண்ணை ஏற்றும், ஆனால் சில வாரம்தான் நிற்கும். இந்தத் தங்கைக்கும் இரண்டாம் முறை அதைத்தான் ஏற்றினார்கள். "நாங்க பத்துப் பேர் இரத்தம் குடுக்குறோம், பிளேட்லெட்டை ஏத்துங்க" என்று அவருடைய அண்ணன் ஆஸ்பத்திரியில் சண்டை போட்டிருக்கிறார். நல்ல மனசுதான். ஆனால் ஏற்றுகிற தட்டணுவையும் உடம்பு அதேபோல் அழித்துவிடும். உயிருக்கு ஆபத்தான இரத்தப் போக்கு இருந்தால் மட்டும் ஏற்றுவார்கள்.

மண்ணீரலை அறுவை செய்து எடுப்பது பழைய வைத்தியம். 1916-ல் பிராகு நகரில் பால் கஸ்னெல்சன் என்ற மருத்துவ மாணவர் சொன்ன யோசனை அது. மூன்றில் இரண்டு பேருக்கு நெடுநாள் பலன் தருகிறது. இருந்தாலும் இப்போது முதல் ஓராண்டுக்குள் அவசரப்பட்டுச் செய்வதில்லை. எடுத்துவிட்டால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி வாழ்நாள் முழுக்கக் குறையும்; முன்கூட்டியே தடுப்பூசிகள் போட வேண்டும்; பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரிட்டுக்ஸிமாப் என்று நரம்பில் ஏற்றும் மருந்தும் உண்டு. அதற்கு முன் ஹெப்பட்டைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பழைய கிருமி தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடும்.

2008-ல் வந்தவை எல்ட்ரோம்போபாக் மாத்திரையும் ரோமிப்லோஸ்டிம் ஊசியும். இவை அழிப்பதைத் தடுப்பதில்லை. மஜ்ஜையைத் தூண்டி உற்பத்தியைக் கூட்டுகின்றன. விலை கூடியவை, சிறப்பு மருத்துவர்தான் எழுதுவார். எல்ட்ரோம்போபாக் சாப்பிடுகிறவர்கள் பாலில் கவனமாக இருக்க வேண்டும். பால், தயிர், சுண்ணாம்புச் சத்து மாத்திரை இவற்றோடு சேர்ந்தால் மருந்து வயிற்றிலேயே கட்டிப்போய் இரத்தத்தில் சேராது. இவை உள்ளே போய் நாலு மணி நேரம் கழித்தோ, அல்லது இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ மாத்திரையைப் போட வேண்டும். காலையில் தே தாரிக் அல்லது மைலோவோடு போட்டுவிட்டு, "மருந்து வேலை செய்யலை" என்று சொன்ன ஆளை எனக்குத் தெரியும்.

நம்பத்தக்க தாளுக்கும் வயதாகும் என்பதையும் சொல்ல வேண்டும். நம் சுகாதார அமைச்சு இந்த நோய்க்கு 2006-ல் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. நல்ல நூல்தான். ஆனால் நான் மேலே சொன்ன 2008-ஆம் ஆண்டு மருந்துகள் அதில் எப்படி இருக்கும்? எதைப் படித்தாலும் ஆண்டைப் பாருங்கள். வீட்டில் ஐந்தாம் படிவம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவனையோ அவளையோ உட்கார வைத்து, கைப்பேசியில் நோயின் முழுப் பெயரைப் போட்டு, அமைச்சின் மைஹெல்த் பக்கத்திலும் பெரிய ஆஸ்பத்திரிகளின் பக்கத்திலும் மலாயில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். யார் எழுதியது, எப்போது எழுதியது, கடைசியில் ஏதாவது விற்கிறார்களா என்று பிள்ளையை விட்டே பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறார்கள் என்றால் அங்கேயே மூடிவிடலாம். புரியாததைக் குறித்துக்கொண்டு போய், மருந்து கொடுக்கும் கவுன்டரில் உள்ள பார்மசிஸ்ட்டிடம் கேளுங்கள். டாக்டருக்கு நேரம் இல்லாவிட்டாலும் அவர்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். தோட்டத்து ஆட்கள் ஏனோ அவர்களைப் பயன்படுத்துவதே இல்லை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தீரவில்லை என்றால் இரத்த நோய்ச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும்படி கடிதம் கேட்கலாம். சிலாங்கூரில் உள்ள அம்பாங் மருத்துவமனை இந்த வகை நோய்களுக்கு நாட்டின் தலைமை நிலையம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். மாதுளை, பேரீச்சை, சுவரொட்டி எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள். இரத்தம் போன உடம்புக்குச் சத்து வேண்டும், சுவரொட்டியில் இரும்புச் சத்து உண்டு. தட்டணுவை ஏற்றும் என்று நிரூபித்த சாப்பாடு எதுவும் இல்லை.

வலிக்குப் பெனடோல் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென், போன்ஸ்டான், வோல்டரென் ஆகாது; அவை இருக்கிற கொஞ்சத் தட்டணுவையும் வேலை செய்யவிடாது. சீனன் கடையில் பெயரில்லாமல் பொட்டலம் கட்டித் தரும் தலைவலி மருந்தும் அப்படித்தான். தசையில் ஊசி போட வந்தால், "எனக்குத் தட்டணு குறைவு" என்று முதலில் சொல்லுங்கள். உடம்பில் சிவப்புப் புள்ளி கண்டால் கண்ணாடித் தம்ளரின் அடியால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மறையாவிட்டால் அது தோலுக்குள் கசிந்த இரத்தம். அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும். காய்ச்சல் இருந்தால் டெங்கியாகவும் இருக்கலாம். வீட்டில் இருந்து முடிவு கட்டாதீர்கள். கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், கறுத்த மலம், சிறுநீரில் இரத்தம், வாய்க்குள் இரத்தக் கொப்புளம், நிற்காத தீட்டு, தலையில் அடி, இவற்றில் ஒன்று வந்தாலும் அப்பாயின்மென்ட் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. நடு ராத்திரியானாலும் போக வேண்டியதுதான்.

அந்தத் தங்கைக்கு இப்போது எண் 70,000-க்குப் பக்கத்தில் நிற்கிறது. இயல்பைவிடக் குறைவுதான், அது போதும், வேலைக்குப் போகிறார். நோய் போய்விட்டதா என்றால் இல்லை. பெரியவர்களில் பலருக்கு இது ஆண்டுக்கணக்கில் கூடவே வரும். எண் மிகவும் இறங்கியிருக்கும் நாட்களில் குலை வெட்டும் அரிவாளும் மட்டை முள்ளும் ஆகாது. டாக்டரிடம் இலேசான வேலைக்கான கடிதம் வாங்கிக் கிராணியிடம் கொடுக்க வேண்டும். அடிக்கடி இரத்தம் பார்க்கப் போனால் பேர் வெட்டிவிடுவார்கள் என்று பயந்து அப்பாயின்மென்டைத் தவற விடுகிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவை 2 ஆண்டுக்குக் குறைவானால் 14 நாள், 2 முதல் 5 ஆண்டுக்குள் 18 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் ஆனால் 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க வேண்டி வந்தால் ஆண்டுக்கு 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. மற்ற விடுப்பிலிருந்து கழிக்கக் கூடாது. யாராவது கழித்தால் எம்.சி.யின் நகலோடு சங்கத் தோட்டக் கமிட்டியிடம் வாருங்கள்.

ஒரு சின்ன அட்டையில் நோயின் முழுப் பெயர், சாப்பிடும் மருந்து, கடைசி எண், போகும் ஆஸ்பத்திரி இவற்றை எழுதி ஐ.சி.யோடு சேர்த்துப் பர்சில் வையுங்கள். விபத்தில் மயங்கிக் கிடந்தாலும் பார்க்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன் அந்த அட்டையைத்தான் முதலில் நீட்ட வேண்டும்.